கடைசி வரிசை மோகம்: தியேட்டரில் நல்ல இடம் எது?

எதிர்பார்ப்புள்ள ஒரு படத்துக்கு முன்பதிவு தொடங்கிய சற்று நேரத்தில் இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். சென்னையோ மதுரையோ கோவையோ, கட்டங்கள் நிறம் மாறும் விதம் ஒன்றுதான். முதலில் கடைசி வரிசையின் நடுப்பகுதி போகும். அடுத்து அதற்கு முந்தைய வரிசை. பின்புறத்து இரு மூலைகளும் சீக்கிரம் போய்விடும். அதற்கான காரணம் திரையோடு சம்பந்தப்பட்டதல்ல என்பதால் அதை விட்டுவிடலாம். இப்படிப் பின்னாலிருந்து நிரம்பிக்கொண்டே வரும். தாமதமாக வந்தவர்கள் வேறு வழியின்றி நடு வரிசைகளை எடுத்துக்கொள்வார்கள். அவர்களில் பலர் அந்த அரங்கத்தின் மிக நல்ல இடத்தில் அமர்ந்துகொண்டு, 'பின்னால் கிடைக்கவில்லையே' என்று படம் முடியும்வரை குறைபட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காசுக்கு இங்கே பெரிய பங்கில்லை. தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மல்டிபிளெக்ஸ்களுக்கு அது நெடுநாள் 120 ரூபாயாக இருந்தது; 2017இல் வரி நீங்கலாக 150 ரூபாய் ஆனது. வரம்பு தாழ்வாக இருப்பதால் பெரும்பாலான மல்டிபிளெக்ஸ்கள் அரங்கம் முழுவதையும் அந்த உச்ச விலைக்கே விற்கின்றன. முன்வரிசை ஒன்றிரண்டும், சாய்ந்து கால் நீட்டிக்கொள்ளும் ரிக்ளைனர் இருக்கைகளும்தான் விதிவிலக்கு. மும்பையிலும் டெல்லியிலும் வரிசை பின்னால் போகப் போக விலை ஏறும். அங்கே பின்வரிசையை விட்டுவிடுவதற்குப் பணம் மிச்சமாகும் என்ற காரணமாவது உண்டு. இங்கே 'சி' வரிசைக்கும் 'ஜே' வரிசைக்கும் ஒரே காசு. நல்ல இடத்தைப் பிடிப்பதற்குத் தேவை கூடுதல் பணம் அன்று, கொஞ்சம் விவரம். ஆனால் விலை சொல்லாத இடத்தில் பழக்கம் சொல்கிறது, நாமும் கேட்கிறோம். அந்தப் பழக்கம் எப்போதோ ஒரு விலைப்பலகையிலிருந்து வந்தது.

தரை, பெஞ்ச், சேர்

திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கையும் கட்டினார். அவருக்குப் பின் பெருகிய டூரிங் டாக்கீஸ்களும் டென்ட் கொட்டகைகளும் ஓர் ஏணியை நிலைப்படுத்தின. திரைக்கு மிக அருகே மணல் தரை, அதற்குப் பின்னால் சாய்மானம் இல்லாத பெஞ்ச், அதற்கும் பின்னால் சேர். நகரத்துக் கட்டடங்களில் இதற்கு மேல் பால்கனி, சில இடங்களில் பாக்ஸ். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இதே ஏணி கலரி, ஓ.டி.சி., பால்கனி என்ற பெயர்களில் இருந்தது.

நாடகக் கொட்டகையில் இந்த ஏணி தலைகீழ். ஒலிவாங்கி இல்லாத காலத்து நடிகரின் குரலும் முகமும் கிடைக்க வேண்டுமானால் முன்னால் உட்கார வேண்டும். ஊர்ப் பெரியவர்களுக்கு முன்வரிசையில்தான் நாற்காலி போட்டார்கள். இன்றும் சபா நாடகங்களில் முன்வரிசைக்கே மதிப்பு. சினிமா இந்த நியாயத்தைக் கவிழ்த்துவிட்டது. திரையில் முகம் பத்தடி உயரத்துக்கு வருகிறது, குரலை ஒலிபெருக்கி கொண்டுவந்து சேர்க்கிறது. அருகில் இருப்பது வரமாக இருந்த நிலை போய், கழுத்து வலியாகிவிட்டது. எனவே அருகிலிருப்பது மலிவு, தள்ளியிருப்பது விலை என்று ஆனது.

ஆனால் கழுத்து வலி மட்டுமே காரணம் என்றால் விலை நடுவில் உச்சத்துக்குப் போய், பின்னால் மறுபடி இறங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. கடைசி வரை ஏறிக்கொண்டே போனது. ஏனென்றால் சேர் டிக்கெட் வாங்கியவர் வாங்கியது படத்தின் கோணத்தை மட்டுமல்ல. மின்விசிறியை வாங்கினார், சாய்வதற்கு முதுகுப் பலகையை வாங்கினார், யாரும் தன் தோளில் இடிக்காத இடைவெளியை வாங்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரோடு கலந்து உட்காராமல் இருக்கலாம் என்பதை வாங்கினார். பால்கனிக்குத் தனிப் படிக்கட்டும், பல தியேட்டர்களில் தனி டிக்கெட் கவுன்ட்டரும் இருந்ததற்குத் திரையின் கோணம் காரணமாக இருக்க முடியாது. விசில் கீழே, வேட்டி மடிப்பு மேலே என்ற ஏற்பாடு அது.

தரையில் இருந்தவர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மணலைக் கூட்டிக் குவித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. உடனே பின்னால் இருப்பவர் இன்னும் உயரமாகக் குவிப்பார், அவருக்குப் பின்னால் சண்டை தொடங்கும். பார்வைக் கோட்டுக்குத் தடையில்லாமல் ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட உயர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டடக்கலை விதியைத்தான் அவர்கள் கையால் செய்து பார்த்தார்கள். இன்றைய மல்டிபிளெக்ஸின் படிக்கட்டு அமைப்புக்கு அந்த மணல் மேடுதான் முன்னோடி என்று நான் சொல்வேன்.

பின்வரிசைக்கு ஏற்பட்ட பெருமையில் பிற்காலத்தில் நியாயமான ஒரு பங்கும் வந்து சேர்ந்தது. பழைய படங்களின் படச்சட்டம் ஏறக்குறைய சதுரம். அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. 15 அடி உயரத் திரை என்றால் அகலம் 20 அடிதான். திரையிலிருந்து 20 அடி தூரத்தில் உள்ள பெஞ்சிலிருந்து பார்த்தால் அது கண்ணில் 53 டிகிரி அளவுக்கு விரியும். நெருக்கம்தான், ஆனால் தாங்கலாம். 1953இல் ஹாலிவுட்டில் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வந்தது; தமிழில் 1973இல் அந்த முறையில் 'ராஜராஜ சோழன்' வந்தது; 1986இல் 'மாவீரன்' 70 எம்.எம். கண்டது. தியேட்டர்காரர்கள் சுவருக்குச் சுவர் திரையை அகலப்படுத்தினார்கள். அதே 15 அடி உயரத்துக்கு இப்போது அகலம் 35 அடி. அதே பெஞ்ச், அதே 20 அடி தூரம், ஆனால் படம் 82 டிகிரிக்கு விரிந்துவிட்டது. கதாநாயகன் ஓர் ஓரத்திலும் வில்லன் மறு ஓரத்திலும் நின்று வசனம் பேசினால் முன்பெஞ்ச்காரர் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்ப வேண்டியதாயிற்று. கட்டடம் மாறாமல் திரை மட்டும் மாறியதால் முன்வரிசைகள் உண்மையாகவே கெட்டுப்போயின.

சாண் கணக்கு

கண்ணுக்கு எது நல்ல தூரம் என்பதை அடியில் சொல்வது வீண். திரையின் அகலம் தெரியாமல் தூரத்துக்குப் பொருளில்லை. கோணத்தில் சொல்வதுதான் வழக்கம். திரையின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே உங்கள் கண்ணில் எத்தனை டிகிரி விரிகிறது என்பதே கேள்வி. அமெரிக்காவின் திரைப்படப் பொறியாளர் சங்கமான எஸ்.எம்.பி.டி.இ.யின் வழிகாட்டுதல், கடைசி வரிசையிலிருந்து பார்த்தால்கூடத் திரை 30 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது. தரச்சான்று வழங்கும் டி.எச்.எக்ஸ். நிறுவனம் அதே கடைசி வரிசைக்கு 36 டிகிரியைப் பரிந்துரைக்கிறது. இரண்டுமே கடைசி வரிசைக்குச் சொல்லப்படும் குறைந்தபட்சம் என்பதைக் கவனியுங்கள். நாம் போட்டி போட்டுக்கொண்டு பிடிக்கும் இடம், பொறியாளர்கள் 'இதற்கு மேல் தள்ளிப் போகாதீர்கள்' என்று கோடு கிழித்த இடம்.

மறு எல்லையைக் கழுத்து தீர்மானிக்கிறது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அசைத்து நாம் வசதியாகப் பார்ப்பது இரு பக்கமும் சுமார் 15 டிகிரி. அதற்கு மேல் தலையும் சேர்ந்து திரும்பும். 60 டிகிரி வரை இது சுகமான திரும்பல், படத்துக்குள் இருப்பதுபோன்ற உணர்வே அதனால்தான் வருகிறது. அதைத் தாண்டினால் வேலை. மேல்நோக்கிய கோணத்தில் சலுகை இன்னும் குறைவு: திரையின் மேல் விளிம்பைப் பார்க்கக் கண் 35 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது என்பது அதே வழிகாட்டுதலின் விதி.

40 அடி அகலமுள்ள ஒரு ஸ்கோப் திரையை, அதாவது சினிமாஸ்கோப் வடிவத் திரையை, எடுத்துக்கொள்வோம். நல்ல அளவான மல்டிபிளெக்ஸ் திரை இது. 30 டிகிரி கிடைப்பது 75 அடி தூரத்தில். 36 டிகிரி 62 அடியில். 50 டிகிரி 43 அடியில், 60 டிகிரி 35 அடியில். திரையின் அடி விளிம்பு ஏறத்தாழக் கண் மட்டத்தில் இருந்தால், 24 அடிக்குள் போனவருக்குக் கழுத்து வலி நிச்சயம். ஆக 35 அடிக்கும் 62 அடிக்கும் இடைப்பட்ட பகுதிதான் கண்ணுக்கான வயல். வரிசைக்கு நான்கடி வைத்தால் ஏழு வரிசைகள் தேறும். அந்த ஏழில் என் விருப்பம் 45 டிகிரி, அதாவது 48 அடி.

டேப் எடுத்துக்கொண்டு யாரும் படத்துக்குப் போவதில்லை. அதற்கு நம்மிடம் சாண் இருக்கிறது. கையை முழுக்க நீட்டி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துப் பிடித்தால் அந்தச் சாண் கண்ணில் ஏறத்தாழ 20 டிகிரியை மறைக்கும். கை நீளமானவருக்குச் சாணும் நீளம் என்பதால் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. திரையின் அகலம் ஒன்றரைச் சாணுக்குக் குறைந்தால் நீங்கள் தள்ளிப் போய்விட்டீர்கள். இரண்டு முதல் இரண்டரைச் சாண் என்றால் இடம் அருமை. மூன்றைத் தாண்டினால் முன்னால் வந்துவிட்டீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், விளக்கு அணைவதற்குள் அளந்துவிடுங்கள். அரங்கத்தின் பெயரையும் வரிசை எழுத்தையும் கைப்பேசியில் குறித்துவைத்தால் அடுத்த முறை கணக்கே தேவையில்லை. திரையும் இருக்கைகளும் இடம் மாறப்போவதில்லை.

பின்னால் உட்காருவதில் இன்னொரு நஷ்டம் உண்டு, அதைத் தியேட்டர்காரர்கள் சொல்ல மாட்டார்கள். '4கே புரொஜெக்ஷன்' என்று வாசலில் எழுதியிருக்கும். டிஜிட்டல் சினிமாவில் 2கே என்றால் குறுக்கே 2,048 புள்ளிகள், 4கே என்றால் 4,096. இயல்பான பார்வையுள்ள கண்ணுக்குப் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய இடைவெளி ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. இதை 40 அடித் திரைக்குப் பொருத்தினால், 2கே படத்தின் புள்ளியைக் கண் பிரித்தறியும் எல்லை சுமார் 67 அடியில் முடிகிறது. அதற்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு 2கேயும் 4கேயும் ஒன்றுதான். கூடுதல் நுணுக்கம் இருக்கிறது, ஆனால் அது முன்னால் இருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர்கிறது.

மிகவும் முன்னால் போவதற்கும் இதேபோல மறைவான தண்டனை ஒன்று உண்டு. படம் நொடிக்கு 24 பிரேம்களில் ஓடுகிறது. கேமரா வேகமாகப் பக்கவாட்டில் திரும்பும்போது, கண்ணுக்கு அது தாவித் தாவிப் போவதாகத் தெரியும். கோணம் விரிய விரியத் தாவலும் பெரிதாகும். கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு எடுத்த சண்டைக் காட்சிகளில் முன்வரிசைக்காரருக்குத் தலை சுற்றுவது இதனால்தான். மெதுவாக நகரும் குடும்பப் படத்துக்கு ஒரு வரிசை முன்னால் போனாலும் பாதகமில்லை. துரத்தலும் வெட்டும் நிறைந்த படத்துக்கு ஒரு வரிசை பின்னால் தள்ளிக்கொள்வது நல்லது.

காது வேறு இடத்தைக் கேட்கிறது

பழைய ஒற்றை ஒலிபெருக்கிக் காலத்தில் எங்கே உட்கார்ந்தாலும் கேட்பது ஒன்றுதான். உரக்கவா மெதுவாகவா என்பதே வித்தியாசம். 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடு வந்ததையும், அதைத் தொடர்ந்து டி.டி.எஸ். என்ற ஒலிமுறையின் பலகைகள் ஊர் ஊராக முளைத்ததையும் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: தியேட்டர்கள் படத்தின் பெயருக்கு இணையாக ஒலியின் பெயரையும் விளம்பரம் செய்தன. அப்போது மாறியது ஒலியின் தரம் மட்டுமல்ல, இடத்தின் மதிப்பும் மாறியது. ஒலி பல திசைகளிலிருந்து வரத் தொடங்கியதும், எல்லாத் திசைகளுக்கும் சமமான ஒரு புள்ளி அரங்கத்துக்குள் உருவாகிவிட்டது.

அந்தப் புள்ளி எங்கே என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. அரங்கத்தின் ஒலியைச் சீரமைக்க வரும் தொழில்நுட்பர் மைக்கைத் திரையிலிருந்து பின்சுவர் வரையிலான நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் வைக்கிறார். திரைக்குப் பின்னால் உள்ள ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் அங்கே 85 டெசிபல் தரும்படி திருகிவைக்கிறார். ஒலிக்கலவை அரங்கத்தில் கலவை செய்பவரின் மேசையும் இதே விகிதத்தில்தான் போடப்பட்டிருக்கும். ஆக, படத்தின் ஒலி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அதைச் செய்தவர் முடிவெடுத்த இடம் ஒன்று உங்கள் அரங்கத்துக்குள் இருக்கிறது. பதினைந்து வரிசை இருந்தால் அது முன்னாலிருந்து ஒன்பது, பத்தாம் வரிசையின் நடுப்பகுதி.

இதற்குப் பின்னால் போகப் போக என்ன ஆகிறது? பின்சுவரில் பொருத்திய சரவுண்ட் ஸ்பீக்கர்கள் கடைசி வரிசைக்காரரின் தலைக்கு நேர் மேலே இருக்கின்றன. மழையும் கூட்டத்தின் இரைச்சலும் பின்னணி இசையும் அங்கிருந்து கொட்டும்போது, திரையிலிருந்து வரும் வசனம் அதற்குள் அமுங்கிப்போகும். சுவரை ஒட்டிய இடங்களில் தாழ்ந்த அதிர்வுகள் தேங்குவதால் டிரம் ஒலி கும்மென்று ஆகிவிடும். 'படத்தில் வசனமே புரியவில்லை, ஒரே இரைச்சல்' என்று சொல்பவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று விசாரித்துவிட்டு இசையமைப்பாளரைத் திட்டுவது நியாயம். பல மல்டிபிளெக்ஸ்களில் கூடுதல் விலைக்கு விற்கும் ரிக்ளைனர்கள் இதே கடைசி வரிசையில்தான் இருக்கின்றன. கால் நீட்டிக்கொள்ளலாம், சாய்ந்து தூங்கலாம். கேட்பதற்கு அந்த அரங்கத்தில் அதைவிட நல்ல இடம் பாதி விலைக்குக் கிடைக்கும்.

பக்கச் சுவரை ஒட்டிய இருக்கைகளின் குறை வேறு வகை. முதலில் எந்தத் திசையிலிருந்து ஒலி வந்து சேர்கிறதோ அந்தத் திசையிலேயே ஒலி பிறந்ததாக மூளை முடிவு செய்துவிடும். அதனால்தான் சரவுண்ட் ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்பி, திரையின் ஒலி முந்திக்கொள்ளும்படி செய்கிறார்கள். இந்தத் தாமதம் நடுப்பகுதிக்குக் கணக்குப் போட்டது. சுவரோரத்தில் இருப்பவருக்குச் சுவர் ஸ்பீக்கர் முந்திக்கொள்ளும். திரையில் கதவு திறக்க, ஓசை காதருகே கேட்கும். வசனம் மட்டும் திரையின் நடு ஸ்பீக்கரிலிருந்து வருவதால் ஓரத்து இருக்கையிலும் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

2012இல் வந்த டால்பி அட்மாஸ் கூரையிலும் ஸ்பீக்கர்களை வரிசையாகப் பொருத்தியது. 128 ஒலித்தடங்கள் வரை எடுத்து, 64 ஸ்பீக்கர் வழிகள் வரை தனித்தனியாக அனுப்ப அதனால் முடியும். முன்பு பக்கச் சுவர் முழுவதும் ஒரே ஒலியை எழுப்பியது; இப்போது ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனியாள். இதனால் நல்ல இடத்தின் பரப்பு கொஞ்சம் விரிந்திருக்கிறது. ஆனால் பால்கனி உள்ள பழைய தியேட்டரை அட்மாஸுக்கு மாற்றியிருந்தால் கவனம் தேவை. பால்கனிக்கு அடியில் இருப்பவருக்குக் கூரை என்பது பால்கனியின் அடிப்பகுதிதான். உண்மையான கூரையில் பறக்கும் ஹெலிகாப்டர் அவர் தலைக்கு மேல் பறக்காது.

பால்கனியும் பெரிய திரையும்

பால்கனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குள்ளேயே மிக நல்ல இடமும் மிக மோசமான இடமும் இருக்கின்றன. மதுரையில் 1952இல் திறந்த தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. அத்தனை பெரிய கூடத்தில் பால்கனியின் முன்வரிசை என்பது, தரைத்தளத்தின் நடுப்பகுதிக்கு மேலே தொங்கும் ஒரு மேடை. தூரம் சரி, முன்னால் தலை இல்லை, திரை நேர் எதிரே. தடுப்புக் கம்பி கண்ணை மறைக்கிறதா என்பது மட்டும் கேள்வி. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் இரண்டாவது வரிசைக்குப் போவது நல்லது. பால்கனியின் கடைசி வரிசையோ புரொஜெக்டர் அறைக்கு அருகே, திரை ஒரு சாணுக்குச் சுருங்கிப்போன தொலைவில். இரண்டுக்கும் ஒரே டிக்கெட் விலைதான் வாங்கினார்கள். ஒற்றைத் திரைத் தியேட்டர் இன்னும் உயிரோடு இருக்கிற ஊர்க்காரர்கள் பால்கனி முன்வரிசையை விட்டுவிடாதீர்கள்.

படத்தின் வடிவமும் கணக்கை மாற்றும். தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப், அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு. ஆங்கிலப் படங்களில் பலவும் சில மலையாளப் படங்களும் 1.85 மடங்கு அகலத்தில் வரும். ஸ்கோப்புக்கென்று அமைத்த 40 அடித் திரையில் 1.85 படம் ஓடினால் இரு பக்கமும் கறுப்பாகி, படம் 31 அடிக்குச் சுருங்கிவிடும். அப்போது இரண்டு, மூன்று வரிசை முன்னால் வருவது நியாயம். சில மல்டிபிளெக்ஸ் திரைகள் 1.85 வடிவத்திலேயே இருக்கும். அங்கே ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், அகலம் மாறாது. உயரம் குறைவதால் முன்வரிசையின் கழுத்துக்கும் அன்று விடுமுறை.

3டி படத்துக்கு நடுப்பகுதியை விட்டு விலகவே கூடாது. துருவ ஒளிக் கண்ணாடி தரும் அரங்குகளில் வெள்ளித் திரை போட்டிருப்பார்கள். அது ஒளியை நேர் எதிரே பலமாகவும் பக்கங்களில் பலவீனமாகவும் திருப்பும். 3டியில் கண்ணாடிக்குப் பின்னால் வந்து சேரும் ஒளி பல அரங்குகளில் சாதாரணப் படத்தின் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதிலும் ஓரத்தில் உட்கார்ந்தால் இரவுக் காட்சிகளில் நடிகர்களைத் தேட வேண்டியிருக்கும். அதே அரங்கில் சாதாரணப் படம் ஓடும்போதும் வெள்ளித் திரை அங்கேயேதான் இருக்கும். ஓர் அரங்கில் திரையின் நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கலாகவும் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

கடைசி வரிசைக்காரர்கள் சரியாக இருக்கும் இடமும் உண்டு: ஐமாக்ஸ். அங்கே திரை உயரமானது, சுவரை நிரப்புவது. இருக்கைகள் செங்குத்தாக ஏறி, கடைசி வரிசையே திரைக்கு நெருங்கி இருக்கும். நடு வரிசையில் உட்கார்ந்தால் திரையின் உச்சியைப் பார்க்க நிமிர வேண்டும். பின்னாலிருந்து எண்ணி மூன்றில் ஒரு பங்கு வரிசைகள்தான் அங்கே வசதி. ஐமாக்ஸ் அல்ல என்றாலும், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகே சூலூர்பேட்டையில் 2019இல் திறந்த பிரம்மாண்டத் திரையைப் பார்க்கச் சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் அகலம் ஏறத்தாழ 100 அடி. அங்கே 30 டிகிரிக்குக் குறைய வேண்டுமென்றால் திரையிலிருந்து 185 அடிக்கு அப்பால் உட்கார வேண்டும்! இத்தகைய இடங்களில் பயப்பட வேண்டியது முன்வரிசைகளைப் பற்றி மட்டும்தான்.

நூறு இருக்கை மட்டுமுள்ள சிறிய மல்டிபிளெக்ஸ் அரங்குகளிலும் பின்வரிசையால் கண்ணுக்குப் பெரிய கேடில்லை. 25 அடித் திரைக்கு 45 அடி தூரத்தில் இருந்தாலும் 31 டிகிரி கிடைத்துவிடுகிறது. காதுதான் அங்கே விலை கொடுக்கும்.

வரைபடத்தை நம்பலாமா?

முன்பதிவுச் செயலியின் வரைபடம் எண்ணிக்கையைச் சொல்லும், அளவைச் சொல்லாது. முதல் வரிசைக்கும் திரைக்கும் இடையே பத்தடியா முப்பதடியா என்பது அதில் தெரியாது. சில அரங்குகளில் 'ஏ' வரிசை முன்னால், சிலவற்றில் பின்னால். 'திரை இந்தப் பக்கம்' என்ற குறிப்பைப் பார்க்காமல் பணம் கட்டியவர்கள் உண்டு. வாசல் ஒரு பக்கம் இருப்பதால் இருக்கைகள் மறுபக்கம் ஒதுங்கியிருக்கும் அரங்குகளில் வரைபடத்தின் நடு வேறு, திரையின் நடு வேறு. பழைய தியேட்டர்களில் நடுவே நடைபாதை விட்டிருப்பார்கள். அரங்கத்தின் மிகச் சிறந்த இடத்தில் யாரும் உட்கார முடியாதபடி டார்ச் வெளிச்சம் நடந்துகொண்டிருக்கும். அங்கே நடைபாதையை ஒட்டிய இருக்கைதான் நடுவுக்கு மிக அருகே.

தரைச் சரிவையும் பார்க்க வேண்டும். உட்கார்ந்த ஒருவரின் கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் இடையே 12 சென்டிமீட்டர் போல இருக்கும். வரிசைக்கு வரிசை தரை அந்த அளவாவது உயர்ந்தால் முன் தலை முழுதாக விலகும். படிப்படியாகக் கட்டிய புதிய அரங்குகளில் இது பிரச்சினையே இல்லை. இலேசான சரிவு மட்டுமுள்ள பழைய கூடங்களில், குறுக்கு நடைபாதைக்குப் பின்னால் வரும் முதல் வரிசையைப் பிடித்தால் தலைத் தொல்லை தீரும், காலும் நீட்டலாம். தாமதமாக வருபவர்களின் ஊர்வலத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதியவர்களுக்கும் சிறு குழந்தை உள்ளவர்களுக்கும் கோணத்தைவிட வாசலுக்கு அருகே இருப்பதே முக்கியம், அதில் விவாதமில்லை.

பெரிய நடிகரின் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி என்றால் இங்கே சொன்ன டிகிரிகளை மறந்துவிடலாம். அன்று காகிதம் பறப்பதும் கூட்டம் எழுந்து ஆடுவதும் திரைக்கு அருகேதான். அதைப் பார்க்கப் போகிறவருக்கு அங்கேதான் நல்ல இடம். வசனத்தை அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் போய், மூன்றாவது வரிசையின் நடுவும் கடைசி வரிசையின் மூலையும் மட்டும் மிஞ்சினால்? பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு மூலையை எடுப்பார்கள். சிறிய அரங்கம், ஸ்கோப் படம், வேகமில்லாத கதை என்றால் நான் மூன்றாவது வரிசையை எடுத்து, இருக்கையில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துகொள்வேன். படம் நேராகவும் ஒலி இரு பக்கமும் சமமாகவும் கிடைக்கும். 3டி என்றாலும் மூலை கூடாது. சண்டைப் படமும் பெரிய திரையும் சேர்ந்தால் மூலைதான் மேல், தலைவலி மிச்சம். படம் ஐமாக்ஸில் ஓடுகிறது, மிஞ்சியது முன்வரிசை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, செயலியில் மறுநாள் காலைக் காட்சியைத் திறந்து பார்ப்பேன்.